சலமான்காவில் எட்டு வாரம்: ஸ்பானிய மொழியைத் தமிழ் வழியாகப் பிடித்த கதை

பொருநைமகள் (பாளையங்கோட்டை), 12.09.2025, இரவு 9.40

இந்த ஆண்டு ஜூன் முதல் வாரத்திலிருந்து ஜூலை இறுதி வரை ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் தங்கி ஸ்பானிய மொழி படித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். போவதற்கு முன் விசா முதல் செருப்பு வரை எல்லாவற்றையும் இந்த இணைய மன்றத்தில்தான் கேட்டு உங்களைத் தொல்லைப்படுத்தினேன் என்பதால், போய்வந்த கதையை எழுதும் கடனும் எனக்கு இருக்கிறது. பார்த்த இடங்களை அடுக்கப் போவதில்லை. ஒன்றரை ஆண்டு இணையவழி வகுப்பில் ஆங்கிலத்தின் மூலம் ஸ்பானியம் படித்துக் குழம்பிப் போயிருந்த எனக்கு, அங்கே போய்த் தமிழில் யோசிக்கத் தொடங்கிய பிறகே அந்த மொழி பிடிபட்டது. அதைத்தான் எழுத வந்தேன்.

ஊரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மட்ரிட்டிலிருந்து பேருந்தில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஸ்பெயினில் இன்றும் இயங்கிவரும் பல்கலைக்கழகங்களில் மிகப் பழையது, 1218-இல் தொடங்கியது, அங்கேதான் இருக்கிறது. ஊரின் பழைய கட்டடங்கள் எல்லாம் பக்கத்து ஊர்க் கல்லால் கட்டியவை. மாலை வெயில் சாய்ந்து விழும்போது சுவரெல்லாம் நம் ஊர் அல்வாவின் நிறத்துக்கு வந்துவிடும். தோர்மெஸ் என்ற ஆறும், அதன்மேல் ரோமானியர் காலத்துப் பாலமும் உண்டு. நெல்லையின் சுலோச்சன முதலியார் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தப் பாலத்தில் நிற்க ஒரு காரணமும் தேவைப்படவில்லை. கடல்மட்டத்துக்கு 800 மீட்டர் உயரம் என்பதால் பகலில் காய்ந்தாலும் இரவில் கம்பளிச் சட்டை வேண்டியிருந்தது.

கணவரை இழந்த, அறுபத்தைந்து வயது அம்மாள் ஒருவர் வீட்டில் தங்கினேன். மதியச் சாப்பாடு இரண்டரைக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி நெருங்கும்வரை வெளிச்சம் போகாது. இரவுச் சாப்பாட்டை வெயிலில் உட்கார்ந்து சாப்பிடுவது முதல் வாரம் முழுவதும் எனக்கு ஏதோ விரதத்தை முறிப்பது போலிருந்தது.

இனி மொழிக்கு வருகிறேன். ஆங்கிலவழிப் பாடநூல்கள் எல்லாம் ஓர் இடத்தில் மாணவரைப் பயமுறுத்தும். "மே குஸ்தா எல் கஃபே" என்ற வாக்கியத்தை எழுதி, இதில் காபிதான் எழுவாய், விரும்புகிற ஆள் எழுவாயாக வருவதில்லை, இது விந்தையான அமைப்பு, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்று இரண்டு பக்கம் விளக்கும். நானும் மனப்பாடம் செய்தேன். வகுப்பின் நான்காம் நாள் ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது: "எனக்குக் காபி பிடிக்கும்." அவ்வளவுதான். "மே" என்பது "எனக்கு". நாம் பேசத் தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான் பேசுகிறோம். எனக்குப் பிடிக்கும், எனக்கு வலிக்கிறது, எனக்குப் போதும், எனக்கு முக்கியம்: இவை நான்கும் ஸ்பானியத்திலும் "எனக்கு" என்றே தொடங்கும். ஒன்றரை ஆண்டு இதை ஆங்கிலத்துக்கு மாற்றி, பிறகு ஸ்பானியத்துக்கு மாற்றி, இரண்டு பேருந்து மாறிப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். நேர்ப் பேருந்து வாசலிலேயே நின்றிருக்கிறது.

அன்று இரவே வேறு என்னென்ன இப்படி இருக்கின்றன என்று ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். "வந்தேன்" என்றாலே வந்தது யார் என்று தெரிந்துவிடுவதால் நாம் "நான்" என்பதை விட்டுவிடுகிறோம், அவர்களும் அப்படியே. "இரு" என்னும் பொருளில் அவர்களுக்கு இரண்டு வினைகள், "செர்" என்றும் "எஸ்தார்" என்றும். எதை எங்கே போடுவது என்பதே வெளிநாட்டு மாணவரின் பெருங்கவலை. "இது வீடு", "அவர் ஆசிரியர்" என்று நாம் வினையே இல்லாமல் சொல்லும் இடங்களில் பெரும்பாலும் "செர்" வருகிறது. "வீடு அங்கே இருக்கிறது", "அவர் களைப்பாக இருக்கிறார்" என்று "இரு" போடும் இடங்களில் பெரும்பாலும் "எஸ்தார்" வருகிறது. எல்லா இடத்திலும் இது செல்லாது. "அவள் உயரமாக இருக்கிறாள்" என்பதற்கு அவர்கள் "செர்" போடுவார்கள். இருந்தாலும் பத்தில் ஏழு முறை என்னைக் காப்பாற்றியது.

இதையெல்லாம் விட என்னை எழுந்து நிற்க வைத்த ஒன்று உண்டு. ஸ்பானியத்தில் செயப்படுபொருள் மனிதராக இருந்தால் அதன்முன் "ஆ" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். பொருளாக இருந்தால் தேவையில்லை. மேசையைப் பார்த்தால் "ஆ" கிடையாது, மரியாவைப் பார்த்தால் உண்டு. ஏன் என்று ஜெர்மானிய மாணவர் ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியர் இரண்டு வாக்கியங்களை எழுதினார். "புஸ்கோ மரிதோ" என்றால், கல்யாணம் செய்துகொள்ள ஒருவரைத் தேடுகிறேன். "புஸ்கோ ஆ மி மரிதோ" என்றால், என் கணவரைக் காணவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். "மாப்பிள்ளை தேடுகிறார்கள்", "மாப்பிள்ளையைத் தேடுகிறார்கள்"! முதல் வீட்டில் ஜாதகக் கட்டு. இரண்டாவது வீட்டில் முகூர்த்த நேரத்தில் ஆளைக் காணோம் என்று கலவரம். "பெண் பார்க்கப் போனார்கள்" என்பதற்கும் "பெண்ணைப் பார்க்கப் போனார்கள்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த ஜெர்மானியர் கேட்ட ஏனுக்கு என்னிடம் விடை இருந்தது. அதை ஸ்பானியத்தில் சொல்லத்தான் எனக்கு அன்று தெரியவில்லை.

நேரமாகிவிட்டது. செலவு, சாப்பாடு, நான் செய்த பிழைகள் ஆகியவற்றைக் கேட்டால் எழுதுகிறேன்.

சாரல்காலம் (தென்காசி), 12.09.2025, இரவு 10.15

அக்கா, மாப்பிள்ளை வாக்கியத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். விசா எடுக்காமலேயே ஸ்பானிய இலக்கணத்தில் ஒரு பாடம் படித்துவிட்டார். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அடுத்த கோடையில் போகலாமா என்று யோசிக்கிறேன். உச்சரிப்பு எப்படி, சைவச் சாப்பாடு கிடைக்குமா, மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்ற மூன்றையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பொருநைமகள், 13.09.2025, காலை 7.05

தம்பி, செலவை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு வாரப் பாடக்கட்டணமும், இரு வேளைச் சாப்பாட்டுடன் தங்குமிடமும் சேர்ந்து 3,350 யூரோ. நான் கட்டிய நாளில் அது சுமார் மூன்றே கால் லட்சம் ரூபாய். திருவனந்தபுரத்திலிருந்து தோகா வழியாக மட்ரிட் போய்வர 72,000 ரூபாய். நெல்லைக்காரருக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம்தான் வசதி. விசா, காப்பீடு, சென்னைக்குப் போய்வந்தது எல்லாம் சேர்ந்து 18,000. கைச்செலவு ஏறத்தாழ 58,000. ஆக, நான்கே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்று ஆண்டு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம், அம்மாவின் சீட்டுப் பணம், மீதி சித்தப்பா கொடுத்த கடன்.

விசாவில் ஓர் எச்சரிக்கை. 90 நாளுக்கு உட்பட்ட பயணத்துக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசா போதும். கட்டணம் 90 யூரோ. அதற்கு மேல் தங்கிப் படிப்பதானால் மாணவர் விசா வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும் என்பது விதி. எனக்கு ஏற்பாடு செய்து தந்த முகவர், பெயர் வேண்டாம், ஆசிய நாடுகளுக்கு மட்டும் செல்லும் காப்பீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். சென்னையில் விண்ணப்ப மையத்தின் முகப்பில் நின்றுகொண்டுதான் அதைக் கவனித்தேன். எதிரே இருந்த கணினிக் கடையில் புதிதாக எடுத்து, அச்சிட்டு, வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து வரிசையின் கடைசியில் நின்றேன். தாளில் எந்தெந்த நாடுகள் என்று எழுதியிருப்பதை நீயே வாசி.

உச்சரிப்பில் நமக்குப் பாதி வரம், பாதி சாபம். "ஞ" அவர்களிடமும் உண்டு. "எனக்கு 21 வயது" என்று சொல்லும்போது "ஆஞோஸ்" என்ற சொல்லில் அந்த ஞகரத்தை னகரமாக்கிவிட்டால் பொருள் ஆசனவாய்க்குப் போய்விடும். அமெரிக்க மாணவி ஒருத்தி முதல் நாளே அந்தக் குழியில் விழுந்தாள். "பெரோ" என்றால் "ஆனால்", "பெர்ரோ" என்றால் "நாய்". என் ஆச்சி நாகர்கோவில் பக்கத்தவர். கரையையும் கறையையும் ஒருபோதும் குழப்பாதவர். சிறுவயதில் அவரிடம் வாங்கிய குட்டுகள் சலமான்காவில் பலன் தந்தன. இரண்டு உயிருக்கு நடுவே வரும் ககரத்தைப் "பகல்" என்பதில் நாம் எப்படி மென்மையாக்குகிறோமோ, அதே போல அவர்களும் நடுவில் வரும் ஒலிகளைத் தளர்த்துகிறார்கள்.

சாபம் எது என்றால், நான் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டதுதான். எடைபோடு என்பது "பெசார்". முத்தமிடு என்பதும் தமிழில் எழுதினால் "பெசார்". முதலாவதில் வல்லொலி, இரண்டாவதில் "பம்பரம்" என்பதன் நடுவில் வரும் ஒலி. குறிப்பேட்டில் இரண்டும் ஒன்றாகவே கிடந்தன. சந்தையில் பழக்கடைக்காரரிடம், ஆரஞ்சுகளை நானே எடைபோட வேண்டுமா என்று கேட்பதாக நினைத்து, நானே முத்தமிட வேண்டுமா என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டேன். அவர் ஓர் ஆரஞ்சை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார். பின்னால் நின்ற பாட்டி சிரித்த சிரிப்பில்தான் ஏதோ தவறு நடந்திருப்பது விளங்கியது.

சைவம் பற்றி. "இறைச்சி வேண்டாம்" என்றால் அங்கே பலருக்கு மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சித் துண்டமும்தான் நினைவுக்கு வருகின்றன. உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையின் மெல்லிய சீவல்களையும், கலவைக் காய்கறித் தட்டில் தூவும் சூரை மீனையும் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டு அம்மாள் இரண்டாம் நாள் பருப்புக் குழம்பு வைத்தார். ஒரு கரண்டி வாயில் வைத்ததும் சந்தேகம் வந்து கேட்டேன். "உனக்காகத் தொத்திறைச்சியை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டேனே" என்றார். அன்பில் குறையில்லை, குழம்பில்தான் இருந்தது. மறுநாளிலிருந்து பன்றி, மீன், கோழி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்கக் கற்றுக்கொண்டேன். முட்டை சாப்பிடுவாய் என்றால் உருளைக்கிழங்கு சேர்த்த தடித்த முட்டை அடை எந்தக் கடையிலும் கிடைக்கும். தக்காளி, வெள்ளரி, பூண்டு அரைத்துக் குளிரக் குடிக்கும் கஸ்பாச்சோ கோடைக்கு இதம்.

பேட்டைக்காரர் (பேட்டை), 13.09.2025, மதியம் 1.20

தங்கச்சி, எழுத்து நன்றாக இருக்கிறது. கணக்குத்தான் எனக்கு நன்றாக இல்லை. நான்கே முக்கால் லட்சம் செலவழித்து, கடன் வாங்கி, எட்டு வாரத்தில் கண்டுபிடித்தது என்ன? ஸ்பானியத்தில் "எனக்குப் பிடிக்கும்" என்பது தமிழ் மாதிரி இருக்கிறது என்று. இதைக் கண்டுபிடிக்கச் சலமான்கா போக வேண்டுமா? பாளையங்கோட்டையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கலாம். அந்தப் பணத்துக்கு நான்கு ஆண்டு இணைய வகுப்பு, நாள்தோறும் ஒரு ஸ்பானியரோடு ஒரு மணி நேரப் பேச்சு என்று வைத்துக்கொள்ளலாமே. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள், அவளும் இந்த இழையைப் படிக்கிறாள். அதனால்தான் கேட்கிறேன்.

பொருநைமகள், 13.09.2025, இரவு 8.50

அண்ணாச்சி, நீங்கள் கேட்டதில் பாதி நியாயம். முதல் மூன்று வாரம் உண்மையிலேயே வீண். வகுப்பு காலை ஒன்பதரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும். முடிந்ததும் சக மாணவர்களோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே ஊர் சுற்றினேன். போதாக்குறைக்கு, சேரும் நாளில் வைத்த தேர்வு சரியான விடையைக் குறிக்கும் வகை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கலை கைவந்தது அல்லவா? நுழைய வேண்டிய வகுப்புக்கு ஒரு படி மேலே போய் உட்கார்ந்துவிட்டேன். ஆசிரியர் பேசுவது புரியும், வாயைத் திறந்தால் காற்று வரும். பத்து நாள் கழித்து நானே கேட்டுக் கீழ்வகுப்புக்கு இறங்கினேன்.

மீதிப் பாதிக்கு விடை சொல்கிறேன். சாப்பிட்டு முடித்த பிறகும் தட்டை எடுக்காமல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவதை அவர்கள் "சோப்ரெமெசா" என்பார்கள். நம் திண்ணைப் பேச்சுக்குச் சாப்பாட்டு மேசை போட்டது போல. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாளின் மகளும் மருமகனும் இரண்டு பேரப்பிள்ளைகளும் வருவார்கள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருவர் வாக்கியத்தை மற்றவர் முடிப்பார், நடுவில் தொலைக்காட்சி. இணைய வகுப்பில் ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் பேசுவார், நமக்குப் புரியும்படி நிறுத்திப் பேசுவார். முதல் ஞாயிறு எனக்கு இரைச்சல் மட்டும் கேட்டது. ஐந்தாம் ஞாயிறு, மருமகனின் தம்பி கார் வாங்கியதில் மாமியாருக்கு வருத்தம் என்பது புரிந்தது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. அவர்களுக்குள் பேசிக்கொண்டதிலிருந்து நானே பிடித்தேன். மின்விசிறிக்குக் கீழே அந்த மாமியார் கிடைக்கமாட்டார்.

ஆனால் உங்கள் மகளுக்கு ஒன்று சொல்வேன். அடிப்படை இலக்கணத்தை இங்கேயே முடித்துவிட்டு, குறைந்த வாரங்களுக்குப் போவது நல்லது. எனக்கு மறுபடி வாய்த்தால் நான்கு வாரம்தான் போவேன். பாடக்கட்டணத்திலும் தங்குசெலவிலும் பாதி மிச்சம்.

உவரி அலை (உவரி), 14.09.2025, காலை 6.30

பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் ஒரு சேதி சேர்க்கிறேன். இந்த மொழிப் பாதையில் எதிர்த்திசையில் நடந்தவர்கள் நம் கடற்கரைக்கு வந்திருக்கிறார்கள். இன்றைய ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் ஹவியேர் கோட்டையில் 1506-இல் பிறந்த புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருடைய தாய்மொழி பாஸ்க். தமிழ் தெரியாமல் தவித்து, இருமொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி உட்கார்த்தி, செபங்களைத் தமிழாக்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்தார். அவருக்குப் பின் வந்த போர்த்துகீசியரான அன்றிக்கே அடிகளார் புன்னைக்காயலில் இருந்து தமிழை முறையாகக் கற்று, போர்த்துகீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" அவர் மொழிபெயர்ப்பே. அவர் தம் மொழியின் சட்டகத்தில் தமிழை வைத்துப் பார்த்தார். நீங்கள் தமிழின் சட்டகத்தில் அவர்களுக்குப் பக்கத்து மொழியை வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். ஹவியேர் கோட்டைக்குப் போனீர்களா?

பொருநைமகள், 14.09.2025, காலை 9.10

போகவில்லை அக்கா, அந்தக் குறை இன்னும் இருக்கிறது. பாம்ப்லோனா வரை போய் அங்கிருந்து 50 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டேன். நான் தேர்ந்தெடுத்த வாரம் ஜூலை இரண்டாம் வாரம். ஊரில் காளைகளை ஓடவிடும் சான் ஃபெர்மின் திருவிழா. தேரோட்டத்தன்று டவுனில் அறை தேடியதைப் போலத்தான். கிடைத்த ஒன்றிரண்டும் என் ஒரு வாரத் தங்குசெலவைக் கேட்டன. விட்டுவிட்டேன்.

ஆனால் அந்தப் பெயரை வைத்து வகுப்பில் ஒரு வேடிக்கை நடந்தது. "ஹவியேர்" என்று அவர்கள் இப்போது தொண்டையிலிருந்து சொல்லும் ஒலி, சவேரியார் காலத்துக்குப் பிறகு மாறி வந்தது. முன்பு அது "ஷ" போல ஒலித்தது. போர்த்துகீசியர் வாய்வழி வந்த நம் "சவேரியார்", அந்தப் பழைய ஒலிக்கு இன்றைய ஸ்பானியத்தைவிடப் பக்கத்தில் நிற்கிறது. சவேரியார் பெயர் தாங்கிய எங்கள் ஊர்க் கல்லூரியின் பெயரை நான் சொல்லிக் காட்டியபோது ஆசிரியர் இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

சொற்களும் அப்படித்தான். மேசை அங்கே "மெசா", கோப்பை "கோப்பா", பொத்தான் "போத்தோன்", இலங்கைத் தமிழரும் புதுச்சேரிக்காரரும் சொல்லும் குசினி "கோசினா", சப்பாத்து "சபாத்தோ". நமக்குப் பெரும்பாலும் போர்த்துகீசியர் தந்தவை இவை. ஸ்பானியம் அதன் உடன்பிறப்பு என்பதால் முகச்சாயல் தெரிகிறது. எல்லாம் பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. ஜன்னலைக் காட்டி "ஜனேலா" என்றேன். அது போர்த்துகீசியம் மட்டுமே, ஸ்பானியத்தில் "வென்தானா".

பேட்டைக்காரர், 14.09.2025, காலை 11.00

நாம் கொடுத்த சொல் ஒன்றும் இல்லையா? அரிசிதானே அங்கே "அர்ரோஸ்" ஆயிற்று என்பார்கள்.

இலக்கணப்பித்தன் (பாளையங்கோட்டை), 14.09.2025, மாலை 5.45

முப்பது ஆண்டு தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நானும் நுழைகிறேன். பேட்டையாரே, "அர்ரோஸ்" அரபு வழியாக ஸ்பெயினுக்குப் போன சொல். அதற்கு முன்னைய மூலம் நம் அரிசியா என்பதில் அறிஞர்களிடையே கருத்தொற்றுமை இல்லை, மேடையில் பேசும்போது மட்டும் அது உறுதியாகிவிடுகிறது. ஆரஞ்சுக்கு அவர்கள் சொல்லும் "நரங்ஹா"வைத் துணிந்து சொல்லும். வடமொழி, பாரசீகம், அரபு வழியே போன அச்சொல்லின் அடி திராவிடம் என்பது பரவலாக ஏற்கப்பட்டது; நம் நாரத்தையின் உறவு. மாங்காயும் "மங்கோ" ஆகியிருக்கிறது. கட்டுமரம் "கதமரான்" ஆகியிருக்கிறது.

குழந்தாய், "மாப்பிள்ளையைத் தேடுகிறார்கள்" என்ற உம் எடுத்துக்காட்டை நான் வகுப்பில் இருந்தால் திருடியிருப்பேன். ஆயினும் ஒரு திருத்தம். தமிழில் இரண்டாம் வேற்றுமை உருபாகிய ஐ, திணையை மட்டும் பார்ப்பதில்லை. "மேசை துடைத்தான்" என்று உருபு தொக்கு வரலாம். "அந்த மேசையைத் துடை" என்று குறிப்பிட்ட பொருளானால் அஃறிணைக்கும் விரிந்து வரும். நீர் சொன்னதிலிருந்து, ஸ்பானியத்தில் எவ்வளவு குறிப்பிட்ட மேசையானாலும் "ஆ" வராது என்று தெரிகிறது. எனவே இரண்டும் ஒரே விதி என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு கேள்வியும் உண்டு: மரியாதைப் பன்மை அங்கே எப்படி?

பொருநைமகள், 14.09.2025, இரவு 9.30

ஐயா, திருத்தத்துக்கு நன்றி, குறிப்பேட்டில் சேர்த்துக்கொண்டேன். இன்னொன்றும் அங்கே உண்டு. தன் வீட்டு நாயைத் தேடும்போதும் "ஆ" போடுகிறார்கள். பாசம் வைத்த அஃறிணைக்கு இடம் கொடுக்கிறார்கள் போலும்.

மரியாதையில்தான் நான் மிகவும் திணறினேன். "தூ" என்றால் நீ. "உஸ்தெத்" என்றால் நீங்கள். இரண்டாவது, "தங்கள் அருள்" என்னும் பொருள்பட்ட பழைய தொடர் தேய்ந்து உண்டானது. பாடநூல் பெரியவர்களுக்கு உஸ்தெத் என்கிறது. ஸ்பெயினிலோ கடைக்காரர், ஆசிரியர், வீட்டு அம்மாள் எல்லோரும் "தூ" என்றே அழைக்கச் சொல்கிறார்கள், அதுவும் பெயர் சொல்லி. அறுபது வயது ஆசிரியரை நான் உஸ்தெத் என்றபோது, "என்னை அவ்வளவு தள்ளி வைக்கிறாயா?" என்று கேட்டார். நெருக்கம் காட்ட நீ, மரியாதை காட்ட நீங்கள் என்று அவர்களிடம் இரண்டு படிகள்தான். நம் நெல்லையில் நடுவில் "நீர்" என்று ஒரு படி இருக்கிறதே, நீங்கள்கூட எனக்கு அதைத்தான் போட்டிருக்கிறீர்கள், அந்தப் படி அங்கே இருந்திருந்தால் நான் அதில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன். கடைசியில், வினையை "நீ"க்கு உரிய விகுதியில் முடித்து, பெயரைச் சொல்லாமல் தப்பித்துக்கொண்டேன். எட்டு வாரமும் அம்மாளின் பெயரை என் வாயால் நேரில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவர் கவனித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

தமிழ் கைவிட்ட இடமும் உண்டு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால், கை பெண்பால், நாள் ஆண்பால். பகுத்தறிவில்லாததற்கெல்லாம் அஃறிணை என்று வைத்த மரபில் வந்த எனக்கு இது கடைசிவரை வசப்படவில்லை. அதைவிடக் கடினம், நடக்காததையும் நடக்க வேண்டியதையும் சொல்லத் தனியாக ஒரு வினைவடிவம் வைத்திருப்பது. ஆங்கிலவழிப் பாடநூல் அதை எட்டாம் பாடத்தில் தொடங்கி முடிக்கவே இல்லை.

இலக்கணப்பித்தன், 15.09.2025, காலை 5.50

ஊர்வலங்களில் அவர்கள் "விவா" என்று முழங்குகிறார்களே, அது அந்த வடிவம்தானா? ஆமெனில், அது நம் "வாழ்க". வியங்கோளில் தொடங்கிப் பாரும்.

பொருநைமகள், 15.09.2025, காலை 7.20

அதே வடிவம்தான் ஐயா! பிரியும்போது "உனக்கு நன்றாகப் போகட்டும்" என்பார்கள்; அதிலும் அதே வடிவம்தான். வாழ்க, வருக, போகட்டும் என்று கோத்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும் போலிருக்கிறது.

சாரல்காலம், 15.09.2025, காலை 8.00

அக்கா, தேர்வு ஏதும் எழுதினீர்களா? அங்கே பல்கலைக்கழகத்தில் தவளையைப் பார்த்தால் தேறிவிடுவார்களாமே?

பொருநைமகள், 15.09.2025, இரவு 10.05

பல்கலைக்கழக முகப்பில் நூற்றுக்கணக்கான சிற்பங்களுக்கு நடுவே ஒரு மண்டையோட்டின்மேல் சிறு தவளை உட்கார்ந்திருக்கிறது. யாரும் காட்டித் தராமல் அதைக் கண்டுபிடிக்கும் மாணவர் தேர்வில் வெல்வார் என்பது ஐதீகம். நான் இருபது நிமிடம் கழுத்து வலிக்கத் தேடினேன். பக்கத்தில் நின்ற சிறுவன் விரலை நீட்டிக் காட்டிவிட்டான். ஆக, எனக்குப் பலன் கிடையாது. அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த நெப்ரிஹா என்பவர்தான் 1492-இல், அதே ஊரில், காஸ்தில்லிய மொழிக்கு, அதாவது ஸ்பானியத்துக்கு, இலக்கணம் அச்சிட்டார். கொலம்பஸ் கடல் கடந்த ஆண்டு. என்னைப் பொறுத்தவரை தவளையைவிட அவரைக் கும்பிடுவது பலன் தரும்.

தேர்வு இன்னும் எழுதவில்லை. ஸ்பெயின் அரசின் மொழி அமைப்பான செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் ஸ்பானிய மொழித் திறன் தேர்வான "தெலே" தேர்வில் நடுநிலைப் படிக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. அதே நிறுவனம் பங்கேற்கும் "சியேலே" கணினித் தேர்வுச் சான்று ஐந்து ஆண்டுதான் செல்லும். உனக்கு எது வேண்டும் என்பதை, எதற்காகக் கேட்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்.

இன்று மாலை சலமான்காவிலிருந்து குரல்செய்தி வந்தது, அதனால்தான் தாமதம். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, டப்பாவில் அடைத்த தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் வாங்கி அந்த வீட்டில் சொதி வைத்தேன். முருங்கைக்காய் கிடைக்கவில்லை, உருளைக்கிழங்கு, பீன்ஸ், கேரட்டோடு முடித்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் குழம்பு என்று சொன்னதும், காணாமல் போன மாப்பிள்ளையா, தேடிக் கிடைத்த மாப்பிள்ளையா என்று அம்மாள் கேட்டார். வகுப்புக் கதையை அவரிடம் சொல்லியிருந்தேன். ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார்கள்.

நேற்று அவரே வைத்துப் பார்த்தாராம். பால் திரிந்து, தண்ணீர் வேறு, கட்டி வேறு ஆகிவிட்டதாம். எழுதி அனுப்பினேன்: கெட்டிப் பாலைக் கடைசியில் ஊற்ற வேண்டும், நுரை கூடியதும் கொதி வருவதற்குள் அடுப்பை அணைத்துவிட வேண்டும், எலுமிச்சையைச் சூடு தணிந்த பிறகே பிழிய வேண்டும். "கொதி வருவதற்குள்" என்பதற்கு அந்தப் பொல்லாத வினைவடிவம்தான் வேண்டும். நான்கு முறை அடித்து எழுதினேன். பதிலில், சொதி புரிந்தது என்று ஒரு வரியும், வினை சரி, ஆனால் பேரப்பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்ற இடத்தில் ஒரு "ஆ" விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு வரியும் வந்திருக்கின்றன.